சரவணையில் உடைந்த பின்கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நானும் மகள் மயூரியும் சரவணையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்பட்டது செவ்வாய்க்கிழமை. இடையில் நடந்ததை எழுதுகிறேன். தீவுப்பகுதிக்குப் போக நினைப்பவர்களுக்கு வழியும் தூரமும் உதவும் என்பது ஒரு காரணம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பது மற்றக் காரணம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். யாழ் நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியால் கடலைக் கடந்து, வேலணைத் தீவுக்குள் இறங்கி, என் அக்கா இருக்கும் சரவணைக்குப் போக இன்னும் ஒரு பதினாறு. முழுவதையும் நானே ஓட்டினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. விற்பவர்கள் எஸ்யூவி என்றும் ஊரார் ஜீப் என்றும் சொல்கிற வாகனம். நான் கடன் எடுத்து வாங்கியது, என் பெயரில் உள்ளது. அதன் பின்கதவு பொத்தானை அழுத்தினால் தானாக எழும்பும், தானாக இறங்கும். இறங்கும்போது எதிலாவது முட்டினால் நின்று, திரும்ப மேலே போகும். வாசிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

போன வருடம் மயூரி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். அதற்காகத்தான் வந்தோம். சனிக்கிழமை காலை புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் துறைக்குப் போய், ஜீப்பை அங்கே நிறுத்திவிட்டுப் படகேறினோம். உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து மயூரிக்குப் போட்டுவிட்டேன். எதிரே இருந்த அம்மா ஒருவர், "கொழும்புப் பிள்ளையோ?" என்று கேட்டுச் சிரித்தார். படகில் அங்கி போட்டிருந்தது அவள் ஒருத்திதான். பூசை முடிந்து, மதியம் அன்னதானமும் சாப்பிட்டு, கடல் அடிக்காமல் திரும்பி வந்தோம். கடலுக்குப் பயந்தவளுக்கு அடி விழுந்தது அக்கா வீட்டு முற்றத்தில்.

தீவார் வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாகனத்தோடு அனுப்பமாட்டார்கள். வேண்டாம் என்பதை அவர்கள் ஒரு பதிலாகவே எடுப்பதில்லை. ஞாயிறு காலை டிக்கிக்குள் பனங்கிழங்கு காயவைத்த ஒடியல் சாக்கு ஒன்று, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் பை ஒன்று, கதலி வாழைக்குலை ஒன்று, பதினைந்து இருபது தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஏறின. எல்லாவற்றுக்கும் மேலே புதுத் திருவலை ஒன்று. தேங்காய் திருவுவதற்கு நுனியில் பல்லு வெட்டிய இரும்பு நாக்கு உள்ள பலகை அது. "கொழும்பில விக்கிற திருவலை ரெண்டு மாசத்தில ஆடும்" என்று அக்கா ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்திருந்தா. இரும்பு நாக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. வாழைக்குலை உருளாமல் இருக்க மயூரி பின்சீற்றில் முழங்காலில் நின்று, டிக்கிப் பக்கம் திரும்பி, அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பொத்தானை அழுத்தினேன். கதவு பாதிக்கு மேல் இறங்கி, நின்று, திரும்ப எழும்பியது.

"என்ன பிள்ளை இது, பூட்டுப்படுதில்லை?" என்றார் அக்காவின் கணவரான அத்தான்.

"எங்கேயோ முட்டுது அத்தான். விடுங்கோ, நான் பாக்கிறன்."

அவர் திருவலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கதவு இரண்டாம் முறையும் இறங்கி, எழும்பியது.

"கையை எடுங்கோ அத்தான். அது தானாத்தான் பூட்டவேணும்."

"சாந்தி, நான் பதுளையில கடை வைச்சிருக்கேக்க பத்து வருசம் லொறி ஓடினனான். எனக்குக் கதவு பூட்டத் தெரியாதோ? நீர் போய் முன்னுக்கு ஏறும்."

"அமத்தாதேங்கோ" என்று மூன்றாம் முறையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, உடம்புப் பாரத்தையும் போட்டு இழுத்து அமத்திவிட்டார். பட்டாசு ஒன்று வெடித்த சத்தம். திருவலை நாக்குக் குத்திய பின்கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் கற்கண்டுத் துகளாகி உள்ளே கொட்டியது. அதற்குப் பிறகுதான் மயூரி கத்தினாள்.

தலைமயிர், சட்டை, கழுத்து எல்லாம் கண்ணாடி. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மா, உள்ளுக்க ஏதோ குத்துது" என்றாள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கண்ணைக் கசக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஜீப்பில் ஏற அவள் மறுத்துவிட்டாள். அக்கா றோட்டுக்கு ஓடி ஓட்டோ ஒன்றை மறித்தா. நாரந்தனை ஊடாக ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கு ஆயிரம் ரூபாய். வழி நெடுகிலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அந்த வீதியைத் திட்டினேன். ஓட்டோக்காரர் மெதுவாக்கினார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். "கண்ணை உரஞ்சினனீரோ?" என்று மயூரியைக் கேட்டார்.

"இல்லை. அம்மா கையை விடேல்லை."

மஞ்சள் மருந்து ஒரு துளி விட்டு, நீல வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். மேல் இமையைப் புரட்டி, பஞ்சு முனையால் ஒரு துகளை எடுத்து எனக்குக் காட்டினார். சீனிப் பரலிலும் சிறியது. கருவிழியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. களிம்பு போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டு, "நாளைக்குக் காலமை திரும்பக் கொண்டுவாங்கோ. அனேகமா ஆறிடும். ஆறேல்லையெண்டால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கண் டொக்டரிட்டை அனுப்புவன்" என்றார். அனேகமாக என்ற அந்தச் சொல்லோடு நான் அடுத்த நாள் காலை வரை இருந்தேன்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் அயலவர்கள் கூடியிருந்தார்கள். அத்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி சரியில்லை. இந்தக் காலத்து வாகனம் எல்லாம் தகரமும் பிளாஸ்ரிக்கும்தானே. முட்டுதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன்."

என் பிள்ளை ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். "மூண்டு தரம் சொன்னனான்" என்றேன். "ஆர் கேட்டது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அங்கே யாரும் அதை ஒரு குற்றமாக எடுக்கவில்லை. அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணி தந்தா. நான் குடிக்கவில்லை.

பின்னேரம் யாழ் நகரில் வாகனக் கண்ணாடி பூட்டும் ஒருவரின் இலக்கம் கிடைத்தது. சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வான்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு வீட்டைக் கடந்தன. ஒரு காதைப் பொத்தியபடி பேசினேன்.

"வீட்டில ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ? ஒருக்காப் போனைக் குடுங்கோ" என்றார் அவர்.

"வாகனம் என்ர பெயரில. என்னோட கதையுங்கோ."

"இல்லை அக்கா, மொடல், வருசம் எல்லாம் கேக்கவேணும்."

மொடலைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன். பதிவுப் புத்தகத்தைப் பார்த்து செசி இலக்கத்தையும் வாசித்தேன். கண்ணாடியில் வைப்பர் துளை உண்டு, பனி போக்கும் கம்பிக் கோடுகள் உண்டு என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணை பக்கத்தில இல்லையோ?" என்றார். நான் செசி இலக்கத்தை மறுபடியும் வாசித்தேன். கொழும்பில் பாவித்த கண்ணாடி ஒன்று இருப்பதாகவும், அறுபத்தெட்டாயிரம் ரூபாய் என்றும், இரவு பஸ்ஸில் போட்டால் காலையில் யாழ்ப்பாணம் வந்துவிடும் என்றும் பிறகு அழைத்துச் சொன்னார்.

"அவ்வளவு காசு குடுக்கத் தேவையில்லை. பொலித்தீனை அடிச்சுப்போட்டு கொழும்புக்குப் போகலாம்" என்றார் அத்தான். கீறல் விழுந்த கண்ணோடு என் பிள்ளை நானூறு கிலோமீற்றருக்கு றோட்டுப் புழுதி குடிக்க வேண்டுமாம். கடைக்காரரிடம் கண்ணாடியை அனுப்பச் சொல்லிவிட்டு, நான் கதிரையிலிருந்து எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

திங்கள் காலை மறுபடியும் ஊர்காவற்றுறை. அதே நீல வெளிச்சம். "ஆறிட்டுது" என்றார் வைத்தியர். வெளியே வந்து மரவாங்கில் கொஞ்ச நேரம் இருந்த பிறகுதான் நடந்தேன். மயூரிக்குப் பிரச்சினை வேறு. "நான் அந்த ஜீப்பில ஏறமாட்டன். பஸ்ஸில போவம்" என்றாள். அவளை அக்காவோடு விட்டுவிட்டு நகரத்துக்குப் புறப்பட்டேன்.

பின்பக்கம் பொலித்தீன் ஒட்டியிருந்தோம். நான் வாகனத்தை எடுக்கும்போது அத்தான் டிக்கிக்குள் ஏறினார். அறுபத்துமூன்று வயது மனிதர், பாயைச் சுருட்டிக் கீழே போட்டு அதன்மேல் குந்தினார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"பண்ணையில காத்து. ஒட்டினது நிக்காது. நான் பிடிக்கிறன்."

ஜீப்பை எடுத்தேன். தாம்போதிக்கு ஏறியதும் இரண்டு பக்கக் கடலிலிருந்தும் காற்று வந்து பொலித்தீனைப் படபடவென்று அடித்தது. ஒட்டு ஒரு பக்கம் கழன்றது. உள்கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து, சிலுவையில் அறைந்தவர் மாதிரிப் பொலித்தீனைப் பிடித்தபடி இருந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். அன்று வரவில்லை. ஒரு மன்னிப்புச் சொல்லைவிட இந்த மனிதருக்கு இது சுலபமாக இருக்கிறதே என்றுதான் எரிந்தது.

கடைக்காரர் கண்ணாடியைக் கம்பளியிலிருந்து பிரித்துக்கொண்டே அத்தானோடு மட்டும் பேசினார். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவும், கதவின் உட்பலகைக்குள் விழுந்த துகள்களை உறிஞ்சவும் மதியம் ஆகிவிட்டது. கம்பிக் கோடுகளின் வயர்களைக் கொழுவாமலே மூடப்போனார்.

"அந்த ரெண்டு வயரையும் கொழுவுங்கோ" என்றேன்.

"எங்கட பக்கம் பனி இல்லைத்தானே ஐயா?" என்று அத்தானைக் கேட்டார்.

"அவவிட்டக் கேளும். வாகனம் அவவின்ர" என்றார் அத்தான். ஒரு நாள் பிந்தி வந்த புத்தி. வயர்களைக் கொழுவினார்கள். பூட்டுக்கூலி ஏழாயிரத்து ஐந்நூறு.

"பசை இறுக நாளைக் காலமை ஆகும். அதுவரைக்கும் யன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ. கதவை அடிச்சுச் சாத்தாதேங்கோ, ஐயா" என்றார் கடைக்காரர். வழக்கம்போல எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னார். அந்த ஒரு தடவை மட்டும் எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய் காலை ஆறு மணி. அக்கா மறுபடியும் எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தா.

"ஒண்டும் வேண்டாம் அக்கா. இந்த முறை உண்மையாத்தான் சொல்லுறன்."

"வெறும் வாகனத்தோட போனால் சனம் என்ன சொல்லும்?"

"பிள்ளையின்ர கண் போயிருந்தால் சனம் என்ன சொல்லியிருக்கும்?"

அக்கா அழத் தொடங்கினா. அழுதழுதே ஒடியல் சாக்கை டிக்கிக்குள் வைத்தா. வாழைக்குலையையும் வைத்தா. திருவலையைக் காட்டி, "அது மட்டும் வேண்டாம்" என்றேன். அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் பொத்தானை அழுத்தினேன். கதவு தன்பாட்டில் இறங்கிப் பூட்டியது. திரும்பி வந்து நின்ற அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். மயூரியை ஏற்றுவதற்கு அரை மணித்தியாலம் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் முன்சீற்றில் ஏறி, பின்பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

கிளிநொச்சி தாண்டி, எல்லா வாகனமும் நிற்கிற முறிகண்டியில் நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கினோம். ஜீப்படிக்கு வந்ததும் மயூரி பின்கண்ணாடியைக் கையால் தொட்டுப் பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு, "எனக்குப் படுக்கவேணும் போல இருக்கு" என்று சொல்லிப் பின்சீற்றில் ஏறினாள். நான் மறுபக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அம்மா, காலுக்குள்ள ஏதோ கிடக்கு."

முன்சீற்றின் கீழே திருவலை. இரும்பு நாக்கில் பழைய சாரத் துணியை நாலைந்து சுற்றுச் சுற்றி, மேலே தும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு அத்தானுடையது. ஆட்டைக் கட்டும்போது போடுகிற முடிச்சு. உடனே போன் எடுத்தேன்.

"என்ன, முறிகண்டிக்கு வந்தாச்சோ?" என்றார்.

"திருவலையை ஏன் வைச்சனீங்கள்?"

"கட்டித்தான் வைச்சனான்."

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஓம்" என்றார். "அண்டைக்கும் சொன்னனீர்."

நான் போனை வைத்துவிட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேரப் பின்னேரம் நாலு மணி. எங்கள் மாடிக் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடத்தில் யாரும் எதையும் கொண்டுவந்து ஏற்றுவதில்லை. யாரும் என் கதவில் கை வைப்பதுமில்லை. அது எனக்கு நிம்மதி என்பதை மறைக்க மாட்டேன். மயூரி பையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தாள். நான் பொத்தானை அழுத்தி, கதவு இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திருவலை என் கையில் இருந்தது. இன்னும் அவிழ்க்கவில்லை.