வாசல் பலகையின் அறிஞர்

முதலில் மன்னிக்க வேண்டும். மேடையில் பேச எனக்கு வராது; அதனால்தான் எழுதி வைத்து வாசிக்கிறேன். செல்வராணி டீச்சரோடு என்னைவிட அதிகம் பழகியவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

திங்கட்கிழமை காலை கோம்பையில் பள்ளி வேனில் ஏறும்போது, டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்ம செல்வராணி டீச்சர் போயிட்டாகம்மா. மூளைக் காய்ச்சலாம். தேனி ஆஸ்பத்திரியில வச்சே முடிஞ்சிருச்சு." வழி முழுக்கப் பிள்ளைகள் வழக்கம்போல் கத்திக்கொண்டே வந்தார்கள். நான் அதட்டவில்லை. இறங்கியதும் வாசல் கரும்பலகையைத்தான் பார்த்தேன். காய்ச்சலோடு வந்து அவர் கடைசியாக எழுதியதை யாரும் அழித்திருக்கவில்லை. "ஓட்டைக் குடை என்றாலும் பாதி நனையாமல் வரலாம்." கீழே, எப்போதும்போல, "ஓர் அறிஞர்."

'இன்றைய சிந்தனை' எழுதுவது அவர் பொறுப்பு. பெரியவர்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது பள்ளி உத்தரவு. தேட நேரமில்லாத நாட்களில் தானே ஒன்று எழுதி, கீழே 'ஓர் அறிஞர்' என்று போட்டுவிடுவார். நேரம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"யாரு டீச்சர் இந்த அறிஞர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு டிகிரி வாங்கியிருக்கேன் ஆத்தா, நான் அறிஞர் இல்லையா? டிகிரி பீரோவுக்குள்ள இருக்கு. அறிஞர் மட்டும் இங்கன வெளியில நிக்கிறேன்."

அந்தப் பீரோ உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையில் சேரும்போது நாம் ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் அதற்குள்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் சான்றிதழ் வீட்டில் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகும் என் அப்பா, "இரும்பு பீரோவா? அப்ப நம்ம வீட்டவிட அங்கன பத்திரமா இருக்கும்" என்றார். மழைக்கு ஒழுகும் வீடு எங்களுடையது. வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் காகிதம் கையில் வேண்டும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கணக்கு சார் டீச்சரை விடாமல் கேலி செய்வார். "ஒத்த வரியெல்லாம் வாழ்க்கைத் தத்துவமா டீச்சர்? தினசரி காலண்டர்லகூடத்தான் போடுறான்."

"நீளமாச் சொன்னா பெல் அடிச்சிருமே சார்!"

எல்லோரும் சிரித்தோம். சாரின் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பெரியகுளத்தில் ஒரு பள்ளியிலிருந்து டீச்சருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவற்றைக் கேட்க அவர் தாளாளர் அறைக்குள் போனார். நான் விடைத்தாள் கட்டோடு வெளியே நின்றேன். எப்போதும் கணீரென்று பேசுகிறவரின் குரல் நடுங்கியது. "வருசக் கடைசியில பாப்போம் டீச்சர்" என்று பதில் வந்தது. நேர்முகத் தேர்வு நாளன்று அவர் நாலாம் வகுப்பில் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தார். மறுநாள் பலகையில்: "பயந்துகொண்டே கேட்டாலும் கேட்டதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. "கேட்டும் கிடைக்கலையே டீச்சர். இது யார ஏமாத்த?"

"கிடைச்சிருச்சுன்னு எழுதியிருக்கேனா? கேட்டேன்னுதான எழுதியிருக்கேன்."

ஏப்ரலில் மறுபடியும் போய்க் கேட்டார். அடுத்த ஏப்ரலிலும் கேட்டார். ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும். என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்.

ஒற்றை வரி தத்துவம் ஆகுமா என்பது எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. எழுதியவர் அந்த வரியின்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். காலண்டர் தாள் எந்த அறைக்குள்ளும் போய் நின்றதில்லை, சார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.

தாளாளர் ஐயா, போன ஆண்டு விழாவில் நீங்கள் பிள்ளைகளிடம், "சந்தேகம் கேளுங்கள்; பயந்துகொண்டே கேட்டாலும் கேட்டதுதான் என்று ஓர் அறிஞர் சொல்லியிருக்கிறார்" என்று பேசினீர்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்த அறிஞர் கடைசி வரிசையில், அழுத ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்று அவருடைய அம்மா முன்வரிசையில் இருக்கிறார். டீச்சரின் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

பக்கத்திலேயே என்னுடையதும் இருக்கும், ஐயா. அதையும் கொடுத்துவிடுங்கள்.