கப்பியில் ஊற்றிய ரப்பர் பால்

யட்டியாந்தோட்டை கடைவீதியில் கராஜ் வைத்திருந்த ஹஸன் நானாவுக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. பால் கலக்காத பிளேன்டியில் ஓர் எறும்பு மிதந்தால் போதும், கோப்பையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். வேலை தெரியாதவன் கைவைத்த எஞ்சினைக் கண்டாலோ அன்று முழுக்கச் சோறு இறங்காது. அந்த மனிதரிடம்தான், தொண்ணூற்றெட்டாம் வருடம் மழைக்காலத்தில், ரப்பர் தோட்டத்துச் சுதாகரன் தான் வாடகைக்கு ஓட்டும் ஹயர் காரைத் திணறித் திணறிக் கொண்டுவந்து நிறுத்தினான். முன் சீட்டில் அவன் மனைவி சுதர்ஷினி, நிறைமாதக்காரி. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர்களுக்குப் பாதி வழியில் ஸ்டியரிங் திரும்ப மறுத்துவிட்டது.

பானட்டைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. பவர் ஸ்டியரிங் பம்பில் பெல்ட் சுற்றும் கப்பி முழுக்க யாரோ ரப்பர் பாலை ஊற்றியிருந்தார்கள். அது உறைந்து, கறுத்து, பெல்ட்டைக் கவ்வி இழுத்ததில் கப்பியின் விளிம்பே உடைந்து கிடந்தது. ஹஸன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ. என்ன கருமம்டா இது?"

"பெல்ட்டு கத்திக்கிட்டே இருந்திச்சி நானா. நேத்து காலையில பாத்தா சத்தமே இல்ல. யாரு ஊத்துனாங்கன்னு தெரியலீங்க."

"ஊத்தின கைய எனக்கிட்ட கொண்டுவா, முறிச்சி விடுறன்."

காரிலிருந்து இறங்கி கராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹஸன் மூக்கில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு சுரண்டினார். சுரண்டச் சுரண்டத் திட்டினார். இடையில் எட்டிப் பார்த்து, "அந்தா தோட்டத்து லொறி நிக்குது. தங்கச்சிய அதுல அனுப்புவமா?" என்றார்.

"நான் போகமாட்டேன்," என்றாள் அவள்.

சுதாகரன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "போன வருசம் இவள அதுலதான் நானா ஏத்துனோம். ரப்பர் மூட்டைக்கு மேல. தலப்புள்ள வழியிலேயே போயிருச்சி."

ஹஸன் பின்னால் கிடந்த செத்த காரிலிருந்து அதே அளவுக் கப்பியைக் கழற்றி வந்தார்.

"சுத்தியலால ரெண்டு போடு போடுங்க நானா, ஏறிரும்."

"அடிச்சா பம்ப் உள்ளுக்கே நொறுங்கிடும். மலைவளைவில புள்ளத்தாச்சிய வெச்சிக்கொண்டு நிப்பியா? பொத்திக்கொண்டு இரு."

நீளமான போல்ட்டைத் தண்டில் முடுக்கி, நட்டை இறுக்க இறுக்கக் கப்பி மெல்ல மெல்ல ஏறியது. பெல்ட்டை மாட்டி எஞ்சினைப் போட்டதும் ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிய சுதர்ஷினி, கதவை மூடுமுன் சொன்னாள்: "நான்தாங்க ஊத்தினேன் நானா, சத்தம் நிக்கட்டும்னு. பெல்ட்டு கத்துனா இவரு காரை எடுக்கவே பயப்புடுவாரு. வலி வந்திச்சின்னா மறுபடி லொறியிலதானே போடுவாங்க."

ஹஸன் கதவைத் தானே மூடிவிட்டார். கார் திரும்பிப் போனபின் தோட்டத்து லொறி அவர் முன்னால் நகர்ந்தது. போன வருடம் அவளை ஏற்றிய அதே தட்டில் அடுக்கியிருந்த ரப்பர் மூட்டைகளைப் பார்த்தார். இடம் தேடி நடக்க நேரமில்லை. அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தார்.