திருவொற்றியூரில் குளிராத ஐஸ் ரூம்

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் திருவொற்றியூருக்குப் போனேன். அப்போது நான் குளிர்சாதனக் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். மீன் வியாபாரி தேசப்பனின் ஐஸ் ரூம் குளிரவில்லை என்று காலையில் டெலிபோன் வந்திருந்தது. கடலோரம் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கே கண்ட அஞ்சலையம்மாளை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

பாரிமுனையில் ஏழரை மணிக்குப் பஸ். ஆறு மைல்தான் என்றாலும் மழையில் ராயபுரம் தாண்டவே அரை மணி ஆயிற்று. தேரடியில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்தேன். கட்டுமரங்கள் எல்லாம் கரையில் கிடந்தன.

தேசப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "ஓடிக்கினுதான் கீது மேஸ்திரி, குளுரு நிக்கல" என்றார். எவ்வளவு மீன் இருக்கிறது என்று கேட்டேன்.

"மீன் இல்ல. நம்ம ஏழுமலை கீறான்."

ஏழுமலை அவருக்கு மீன் போடுகிறவர். முந்தின நாள் கட்டுமரம் கவிழ்ந்து, மத்தியானம் பிணமாகக் கரை ஒதுங்கியிருந்தார். போலீஸ் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஒரே மகன் விசாகப்பட்டணம் துறைமுகத்தில் கூலி. தந்தி கொடுத்திருந்தார்கள், நான் போனதற்கு மறுநாள்தான் வந்து சேருவான். பிள்ளை வந்து முகம் பார்க்கட்டும் என்று, இருந்த மீனையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு தேசப்பன் இடம் கொடுத்திருந்தார்.

வெளியில் இருந்த குழாய்ச் சுருளில் உப்பும் தூசியும் அப்பியிருந்தன. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பெல்ட் சரியாக இருந்தது. கதவின் ரப்பரிலும் கிழிசல் இல்லை. உள்ளே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்றாடிக்குப் பின்னாலுள்ள சுருள் முழுக்க ஐஸ் கட்டி, குளிர்காற்று வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. கதவை அடிக்கடி திறந்து, ஈரக் கடல் காற்று உள்ளே புகுந்தால்தான் அப்படி ஆகும்.

கதவுக்கு வெளியே தரையில் ஏழுமலையின் மனைவி அஞ்சலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். யார் திறக்கிறார்கள் என்று நான் கேட்கவேண்டி வரவில்லை.

"போத்தினது நவுந்து நவுந்து போவுது நைனா. அவுரு குளுரு தாங்க மாட்டாரு" என்றாள்.

காற்றாடியின் காற்றில் போர்வை விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் ராத்திரி முழுக்கத் திறந்து திறந்து போயிருக்கிறாள். மெஷினை நிறுத்தினேன். தேசப்பன் ஐஸ் பாளங்கள் வரவழைத்து உடலைச் சுற்றி அடுக்கினார். தண்ணீர் ஊற்றிச் சுருளிலிருந்த ஐஸைக் கரைக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு மெஷினை மறுபடி ஓடவிட்டு, வலைக் கயிறு கேட்டு வாங்கி, போர்வையை உடலோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டினேன். அவளை உள்ளே அழைத்து வந்து காட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே நவுராது இல்ல?"

"நகராதும்மா. பையன் வர்ற வரைக்கும் கதவு மூடியே இருக்கட்டும்."

தலையாட்டினாள். வெளியே வந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். யாரையும் அருகில் விடவில்லை.

மறுநாள் நானாகவே போனேன். மூன்று மணிக்கு மகன் வந்தான். அஞ்சலையம்மாள்தான் எழுந்து கதவைத் திறந்தாள், முடிச்சுகளையும் அவளே அவிழ்த்தாள். முகம் கெடாமல் இருந்தது. அவன் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தான்; சில்லென்று இருந்ததில் ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டான். மறுபடி வைத்தபோதுதான் அழுகை வந்தது. ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு கடற்கரை இடுகாட்டுக்குப் போனார்கள். அவள் ஈரப் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கம்பி பிரஷ் எடுத்துப் போங்கள். துணியால் துடைத்தால் உப்பு போகாது. சுருளில் ஐஸ் கட்டியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். கதவை யாராவது திறந்துகொண்டே இருந்தால் கோபப்படுவதற்கு முன், எதற்காக என்று கேளுங்கள்.