உடையாத குழாய்

எனக்கு வேலை போனதற்காக எங்கள் வீட்டார் மலைச்சாமி சேர்வராயனுக்கு என்னையே தேங்காய் உடைக்க வைத்தார்கள். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

துறைமுகத்தில் திரவ எரிவாயுவைக் கப்பலில் ஏற்றும் வேலை எனக்கு. தொட்டியிலிருந்து கப்பல் வரைக்கும் நீளக் குழாய். உள்ளே திரவம் ஓடும்போது வால்வை வெடுக்கென்று மூடக் கூடாது. எங்கள் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால், பஸ்ஸில் நிற்கிறவர்கள் மொத்தமும் முன்னால் போய் விழுவோமே, அதுதான் குழாய்க்குள்ளும். ஓடி வரும் திரவம் மூடிய வால்வில் முட்டும். அந்த அடி குழாய் முழுக்கத் திரும்பி ஓடும். பம்பை நிறுத்திவிட்டு மெல்ல மெல்லத்தான் திருக வேண்டும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேலதிகாரிக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை, இணைப்பு ஒன்றில் கசிவு. வெள்ளைப் புகையாகச் சீறியது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திருகினேன். கை அவசரப்படவில்லை. கசிவு நின்றது. ஒரு போல்ட்கூட அசையவில்லை. அன்றைக்குப் பார்த்து மேலதிகாரி வெளியூர்ப் பெரிய மனிதர்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கேஸ் கொட்டுது, நீ என்னய்யா மாவாட்டிக்கிட்டு நிக்கிற?"

"வேகமா மூடுனா குழாய் தாங்காதுங்க."

"எங்க, ஒடஞ்சுதா?"

உடையவில்லை. உடையாததுதான் என் குற்றம். மந்தம் என்று எழுதி அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னோடு ஒரே டப்பாவில் சோறு தின்ற சகாவை என் இடத்தில் போட்டார்கள். நான் எங்கள் மலைக் கிராமம் கொட்டச்சேட்டில் காப்பிச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான்.

"சட்டுனு மூடணும், இல்லேன்னா உனக்கும் அவன் கதிதான்னு சொல்றாங்கண்ணே."

"சட்டுனு மூடாதேடா" என்றேன். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

மழைக்காலத்தில் மறுபடி கசிவு. அவன் ஒரே மூச்சில் மூடியிருக்கிறான். குழாய் துள்ளி எழுந்து அவன் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டு என் மனைவி அழுதாள். பிறகு மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டாள். "சேர்வராயன்தானுங்க உங்க வேலையப் புடுங்கி உசுரக் காப்பாத்தியிருக்குது."

குடும்பமே என்னைச் சாமியின் குகைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது. குகை வாசலில் மச்சினன் தோளைத் தட்டினான். "நீங்க மந்தமா இருந்ததும் ஒரு நல்லதுக்குத்தானுங்க மச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அங்க இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான்டா!"

"சாமி முன்னால என்ன பேச்சுங்க இது?" மனைவி என் வாயைப் பொத்தி, கையில் தேங்காயைத் திணித்தாள். "ஏனுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க. சட்டுனு ஒடைங்க."

ஓங்கி உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. எல்லோருக்கும் நொம்ப சந்தோஷம்.