பெண்கள் வரிசையில் காணாமல் போனவள்

யுத்த காலத்தில் எங்கள் மயிலாப்பூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு என்றுமில்லாத ஜனம் வந்தது. அரிசி கிடைக்காத நாட்கள். நேர்ச்சைச் சோற்றுக்காகச் சிலர், போர்முனைக்குப் போன பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளச் சிலர். சாந்தோம் கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன. வாசலில் ஆண்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, பெண்களை இருபது இருபது பேராக உள்ளே விடுவது என் வேலை.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். ஆதம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்த பெரியவர் ஒருவர் மனைவியோடு நின்றார். அவளுடைய சாயம் போன சேலையின் முந்தானையைத் தன் துண்டோடு முடிந்திருந்தார். அவளுக்குப் புத்தி கலங்கி நாலு வருஷமாம்.

“ஆம்பளைங்க அந்தாண்ட போங்க,” என்றேன்.

“தனியா வுட்டா எங்கனா போய்டுவாம்மா. கூடவே இட்டுகினு போறேன்.”

பின்னால் கூட்டம் நெருக்கியது. “நான் பாத்துக்கறேன், போங்க,” என்று சொல்லி, முடிச்சை நானே அவிழ்த்தேன். அவர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு போனார்.

அவள் என் பக்கத்திலேயே நின்றாள். “நேரமாச்சு, ஒலை வைக்கணும்,” என்று மெதுவாகச் சொன்னாள். அப்போது வரிசையில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது, பெரியவரின் மனைவி நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

பெரியவர் உள்ளங்கையில் சந்தனத்தோடு வந்தார். “எங்கம்மா அவ?”

குளக்கரை, கடற்கரை, திருவான்மியூர்ப் பாதை என்று ஆட்கள் மூன்று நாள் தேடினார்கள். போலீஸில் சொன்னோம். கிடைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் வந்தார். “யாருனா பாத்தாங்களாம்மா?” என்பார். “இல்லீங்கய்யா,” என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு தடவையாவது என்னைத் திட்டமாட்டாரா என்றிருந்தது.

மறு வருஷம், நோயாளித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவனை அப்படியே பெண்கள் வரிசையில் விட்டேன். தர்காக்காரர்கள் சத்தம் போட்டார்கள். கூட்டத்தில் சாயம் போன சேலை எதைப் பார்த்தாலும் பின்னாலேயே போய் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பெண்கள் மிரண்டு விலகுவார்கள். உலை வைக்க வேண்டுமென்ற அந்தக் குரல் என் சமையற்கட்டிலும் கேட்கத் தொடங்கியது.

மூன்றாவது வருஷம் பெரியவர் வருவது நின்றது. அவளைக் கண்டுபிடித்துவிட்டாரா, அவரே போய்ச் சேர்ந்துவிட்டாரா, தெரியவில்லை. ஆதம்பாக்கத்தில் எந்தத் தெரு என்று நான் ஒரு நாளும் கேட்டு வைக்கவில்லை.