இடிதாங்கியில் உட்கார்ந்த வல்லூறு

என் பூனை எவருடைய புறாவையும் தின்றதில்லை. இதை என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், நம்பவில்லை. திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறார். எங்களுக்கு அடுத்த தெரு. மாடியில் புறா வளர்க்கிறார். கார்த்திகையில் அவருடைய புறாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"சம்பந்தியம்மா, இந்தக் களவாணிப் பூனை இங்கன இருக்கிற வரைக்கும் நான் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்."

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பண்டிகைச் சோறு என் கையால்தான். அவர் இலை காலியாகக் கிடந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. பூனையை விரட்டினாலோ, அது திருடி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டுக்கும் நான் ஆளில்லை.

திருடன் யார் என்று எனக்குத் தெரியும். மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து கல் விழுவது போல ஒன்று விழுந்து, பறக்கிற புறாவை அடித்துத் தூக்கிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னபோது, "அது பொரி வல்லூறும்மா, குளிருக்கு வடக்க இருந்து வரும்" என்றான். சம்பந்தியிடம் சொன்னேன். "பூனைக்கு றெக்க மொளச்சிருச்சாக்கும்" என்று சிரித்தார். அச்சகக்காரர். படமாகப் பார்த்தால்தான் அவருக்கு உண்மை.

மகன் விட்டுப்போன கேமரா பீரோவில் இருந்தது. முழங்கை நீளத்துக்குக் குழல். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவனே சொல்லிக்கொடுத்தான். என் முதல் படங்களில் வானம் மட்டும் மிக நன்றாக விழுந்திருந்தது.

வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரிதான் துப்புச் சொன்னாள். அங்கே இடிதாங்கிக் கம்பத்தின் மேல் ஒரு பறவை தினமும் உட்கார்ந்து எதையோ பிய்த்துத் தின்கிறதாம். மடக்கு நாற்காலி, குடை, தூக்குவாளிச் சோற்றோடு பஸ் ஏறினேன். வேலிக்கு வெளியே கருவேல நிழலில் உட்கார்ந்து குழலைத் தூக்கினேன். கம்பத்தின் மேல் வல்லூறு இருந்தது.

"ஏக்கா, ஆபீசர் வந்திருக்காக!" என்று குழலைப் பார்த்துவிட்டு உள்ளே ஒரு குரல். அவ்வளவுதான். வெளியில் காய்ந்துகொண்டிருந்த வெடியெல்லாம் உள்ளே ஓடியது. நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாத ஒரு சின்ன ஷெட்டிலிருந்து, பஸ்ஸிலிருந்து இறங்குவது போல ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். போர்மேன் இளநீரோடு வந்தார்.

"வெயில்ல உக்காந்திருக்கீகளேம்மா. எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீக?"

"ஆபீஸும் இல்ல, கீபீஸும் இல்ல. கம்பத்துல இருக்கிற வல்லூறப் படமெடுக்க வந்தேன். மறைக்காம நில்லு."

அவர் திரும்பிப் பார்த்தார். பறவை கண்ணில் படவில்லை, கம்பம் சாய்ந்திருந்ததுதான் பட்டது. முகம் வெளுத்துவிட்டது. "மழையில சாஞ்சிருச்சும்மா. இந்தா, இப்பவே நிமுத்திருதோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஏணி வந்தது, இரண்டு பேர் ஏறினார்கள். வல்லூறு பறந்துவிட்டது.

"அட பாவிகளா!" என்று கத்தினேன்.

"சீக்கிரம்லே! அம்மா கோவிக்காக!" என்று அவரும் கத்தினார்.

மறுநாள் போனபோது கம்பம் வெள்ளிப் பெயின்ட் பூசி மாப்பிள்ளை போல நின்றது. மணல் வாளிகளுக்கெல்லாம் புதுச் சிவப்பு. பறவையைத்தான் காணோம். போர்மேனைக் கூப்பிட்டு, "அது வந்து உக்காந்தாத்தான் நான் இங்கன இருந்து எந்திரிப்பேன்" என்றேன். இது அவருக்குப் புரிந்துவிட்டது. பறவையை உட்காரவைப்பது அன்றிலிருந்து கம்பெனி வேலையாயிற்று. சத்தத்துக்குப் பயந்துவிடும் என்று, பட்டாசை வெடித்துப் பார்ப்பதை நிறுத்தினார். லோடு ஏற்ற வந்த வண்டியை வாசலிலேயே அணைக்கச் சொன்னார். ஒருவன் கோழிக்கறி வாங்கிவந்து கூரையில் வைத்தான். ஊர்க் காக்கையெல்லாம் வந்தது. காக்கை விரட்ட இன்னொரு ஆள் போட்டார்கள்.

வேலையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வேலியருகே வந்து, "ஆத்தா, அதச் சீக்கிரம் வரச்சொல்லுங்களேன்" என்றாள்.

"நான் என்ன, பாக்கு வெத்தல வச்சா அழைக்க முடியும்?"

மத்தியானம் அதுவாகவே வந்தது. காலில் ஒரு வெள்ளைப் புறா. பெயின்ட் வாசனையைச் சட்டை செய்யாமல் கம்பத்தில் உட்கார்ந்தது. விரல் வலிக்கும்வரை அமுக்கினேன். கம்பெனியே கைதட்டியது. வல்லூறு எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, புறாவின் இறகைப் பிடுங்கிப் போர்மேன் தலையில் போட்டது.

"ரிப்போர்ட்ல நல்லவிதமா எழுதுங்கம்மா" என்று அவர் கும்பிட்டார்.

"எனக்கு எழுத்துக்கூட்டித்தான்யா வாசிக்க வரும், எழுதுறதுக்கு எங்க போக?" என்றேன். அவர் இன்னும் பயந்துபோனார்.

படத்தைச் சம்பந்தியின் மேசையில் வைத்தேன். அச்சுப் பார்க்கும் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். சாம்பல் நீல முதுகு, கறுத்த கன்னமீசை, மஞ்சள் கால். அதன் அடியில் புறாக் காலில், அவரே மாட்டிவிட்ட நீல வளையம்.

"குட்டிக்கரணம் போடுற என் கர்ணப்புறா" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா படம் என்னமா விழுந்திருக்கு! ராக்கெட் பெட்டிக்கு லேபிளாப் போட்டுக்கிறட்டுமா?" என்றார்.

"மொதல்ல சாப்பாட்டுக்கு வாரீகளா?"

"வாரேன்."

"தெருவுல வச்சுத்தான களவாணின்னீக? அங்கன வச்சே அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

கிறிஸ்துமஸ் அன்று கோயில் முடிந்து, கஞ்சி போட்ட வேட்டியோடு வந்தார். பூனை வாசல் மதிலில் படுத்திருந்தது. எதிர்வீடுகளில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிறாத" என்றார். பூனை கொட்டாவி விட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

அவர் கலவரத்தோடு என்னைப் பார்த்தார்.

"அவ யோசிச்சுச் சொல்லுவா. நீங்க உள்ள வாங்க, இல போட்டாச்சு" என்றேன்.