புல் ஊறிய தண்ணீர்

"உங்க குதிரைக்கும் சுகருங்களாக்கா?" என்று கேட்டு செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் சிரித்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பூரில் கணவரோடு பனியன் கம்பெனி நடத்துகிறவள், பொங்கலூர்த் தோட்டத்தில் நிற்கும் வயதான குதிரைக்காக உருகினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ரேக்ளா பந்தயத்தில் ஓடி எங்கள் வீட்டு அலமாரியைக் கோப்பைகளால் நிரப்பியவள் அவள். அது இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஓட்டம் நின்ற பிறகும் கம்பும் கொள்ளும் வெல்லமும் நிற்கவில்லை. பிடரி தடித்தது, உடம்பு உருண்டது. "மகாலட்சுமியாட்ட இருக்கறா" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஒரு நாள் காலையில் முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாமல் நின்றாள்.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். சர்க்கரை ஓரளவுதான் கூடியிருந்தது. இன்சுலின்தான் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. அது ஏறினால் குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சதை தளர்ந்துவிடுமாம். என் மாமியார் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "என்ற ஊசியில ஒண்ணு போட்டுடலாங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாங்கம்மா. உங்களுக்கு அது பத்தலீங்க. இவளுக்கு மிஞ்சிக் கெடக்குதுங்க" என்றார் டாக்டர்.

வலிக்கு மருந்து கொடுத்தார். தானியம், வெல்லம் கூடாது. காய்ந்த புல்லை எடை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, அதிலுள்ள சர்க்கரை இறங்கிய பிறகு கொடுக்க வேண்டும். கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் இன்சுலின் இறங்காவிட்டால், இந்த வலியோடு நிறுத்தி வைப்பது பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையில் இருக்கிறவரை அவளை யாரும் அனுப்ப முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

துணி ரோலை எடை போடும் தராசு தோட்டத்துக்கு வந்தது. கட்டிங் வேஸ்ட்டில் மெத்தென்ற பனியன் துணியாகப் பொறுக்கி, மடித்து, குளம்புக்கு அடியில் கட்டினேன். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய துணி மாதிரி ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் பார்த்துத்தான் கட்டுவேன். பெரிய டிரம்மில் புல் ஊறும். நான் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு அதை வடித்துப் போடும் வேலை மாமியாருடையது.

இத்தனையும் செய்தும், அடுத்த ரத்தத்தில் இன்சுலின் இன்னும் ஏறியிருந்தது. லேபைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணலாங்க. அவ வாய்க்குள்ள என்னென்ன போகுதுன்னு ஒரு நாள் பூராவும் உக்காந்து பாருங்க" என்றார்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு லாயத்தின் எதிரே உட்கார்ந்தேன். மாமியார் புல்லை வடித்துப் போட்டார். பிறகு, டிரம்மில் மீந்திருந்த டீ நிறத் தண்ணீரைக் குடத்தில் மொண்டுவந்து குதிரையின் தண்ணித் தொட்டியிலேயே ஊற்றினார். இறக்கிய சர்க்கரை முழுவதையும் அவள் ருசித்து உறிஞ்சிக் குடித்தாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஏங் கண்ணு? சத்துத் தண்ணி வீணாப் போகுதல்ல? நம்ம ஊட்டுல அரிசி களஞ்ச தண்ணியக்கூடக் கீழ ஊத்தமாட்டமே!"

அவரைக் கோபித்து என்ன செய்ய? வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிற ஊரில், கழுநீரை மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் பழகிய கை அது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்று முதல் அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போனது. பட்டிப் பொங்கலன்று சொந்தக்காரர்கள் கரும்பும் சர்க்கரைப் பொங்கலுமாக லாயத்துக்கு வந்தபோது, மாமியார் வாசலை மறித்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க சாமி. இவளுக்கு ஆகாதுங்க" என்று ஒருவர் விடாமல் திருப்பி அனுப்பினார். என் மாமியாரைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதன் பிறகு எடுத்த ரத்தத்தில் இன்சுலின் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் குளம்புக் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். களத்துச் சிமெண்டுத் தரையில் கால் வைக்கவே பயந்து கிடந்தவளைக் கயிற்றைப் பிடித்து மெல்லக் கூப்பிட்டேன். ஒரு கால் வைத்தாள். நின்றாள். அடுத்த காலையும் வைத்தாள். பிறகு களத்தைக் குறுக்கே கடந்து என்னை முந்திக்கொண்டு போனாள். நான் கூச்சமே இல்லாமல் அழுதேன்.

"மருந்து நல்லா வேல செஞ்சிருக்குதுங்க" என்றார் டாக்டர்.

"மருந்து உங்குளுதுதானுங்க. நடக்க வெச்சது நாங்க ரெண்டு பேருங்க" என்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.